வெயிலும் வெள்ளைப் பொடியும்

நாம் பணியாற்றும் அரபிக் கல்லூரியின் மேற்குச் சுவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளை பூசினார்கள். சுண்ணாம்பு அன்று, கடையில் வாளியில் விற்கும் வண்ணப்பூச்சு. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் குறையொன்றும் தென்படவில்லை. பின்னர், அச்சுவரில் சாய்ந்து நின்று பாடம் மனனம் செய்யும் மாணவர்களின் தோள்களில் வெண்துகள் ஒட்டலாயிற்று. தாழ்வாரத்தின் உட்சுவருக்கு அந்நோய் இல்லை. ஒரே வாளி, ஒரே கை, ஒரே வாரம். வெயில் படும் சுவர் மட்டும் பொடிந்தது. வண்ணப்பூச்சுத் தொழிலில் இருப்போர் இதனைச் 'சாக்கிங்' என்கின்றனர். கரும்பலகைச் சுண்ணக்கட்டி போல் உதிர்தல் என்று பொருள் கொள்ளலாம்.

தொழிலார் குறையெனக் கண்டு போக்க முயன்ற இந்த உதிர்வையே அறிவியலார் பின்னர் ஒரு வளமெனக் கண்டனர். ஒளிவினையூக்கம் என்னும் துறையின் வரலாறு இதற்குள் அடங்கியுள்ளது. அத்துறையைக் குறித்து நாம் கேட்ட சொற்பொழிவுகளிலும் படித்த சிறு கட்டுரைகளிலும் இரண்டு கூற்றுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 1967-ஆம் ஆண்டில் ஜப்பானிய மாணவர் ஒருவர் முன்னோடி எவருமின்றித் தற்செயலாக இதனைக் கண்டார் என்பது ஒன்று. அன்று முதலே வெயிலையும் தண்ணீரையும் கொண்டு எரிபொருள் எடுப்பது கைகூடிவிட்டது என்பது மற்றொன்று. முதற்கூற்று பாதி உண்மை. இரண்டாவது அவ்வளவும் இல்லை. ஒரு செய்தி யாரிடமிருந்து யாருக்கு வந்தது, இடையில் விடுபட்டவர் யார், கூட்டிச் சொன்னவர் யார் என ஆராய்ந்த பின்னரே ஏற்பது நம் கல்வி மரபில் ஊறிய வழக்கமாகும். அவ்வழக்கத்தை இவ்வெள்ளைப் பொடிக்கும் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை.

பொடியின் கதைக்கு முன், அது சேர்ந்த பொருட்குலத்தின் கதையைச் சற்றே சொல்லியாக வேண்டும். உலோகத்தைச் சூடாக்கினால் அதன் மின்கடத்தும் திறன் குறையும். வெள்ளி சல்பைடில் இதற்கு நேர்மாறாக, சூடேறக் கடத்துதிறன் கூடுவதை 1833-இல் மைக்கேல் ஃபாரடே கண்டார். 1839-இல், பத்தொன்பதே வயதான எட்மண்ட் பெக்கரல், கரைசலில் இட்ட மின்வாய்களின் மீது ஒளி பட்டால் மின்னோட்டம் எழுவதைக் காட்டினார். 1873-இல் வில்லோபி ஸ்மித் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்கச் செலினியக் கோல்களைப் பயன்படுத்தினார். அவற்றின் மின்தடை நிலையாக நில்லாமல் அலைந்தது. காரணம் தேடியபோது, வெளிச்சம் பட்டால் தடை குறைகிறது என்று தெரிந்தது. இவை யாவும் ஒரே குலத்தின் அடையாளங்கள் என்பதை அக்காலத்தில் எவரும் அறியார். இயற்பியலாருக்கு இக்குலத்தின் மீது மதிப்பும் இருந்ததில்லை. சிறிது மாசு கலந்தாலும் குணம் மாறும் இப்பொருள்களைக் குறித்து வுல்ஃப்காங் பவுலி 1931-இல் தம் நண்பர் பையர்ல்ஸுக்கு எழுதிய கடிதத்தில், இந்தச் சேற்றில் கால் வைக்க வேண்டாமென்னும் கருத்துப்பட எச்சரித்தார். அதே 1931-இல் ஆலன் வில்சன் என்னும் இளைஞர், பிளாக் முன்பே வகுத்திருந்த கொள்கையின் மேல் நின்று, கடத்தி, கடத்தாப்பொருள், குறைகடத்தி என்னும் மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக்கிவிட்டார்.

அவ்விளக்கத்தை நமக்குப் பழகிய காட்சியால் சொல்லிப் பார்ப்போம். ஜுமுஆ நாளில் ஒரு பள்ளிவாசலின் கீழ்த்தளம் தோளோடு தோள் உரச நிரம்பியிருக்கிறது. மேல்தளம் வெறிச்சோடிக் கிடக்கிறது. கீழே உள்ளவர் அசைய இடமில்லை. மேலே அசைய ஆளில்லை. ஒருவர் மட்டும் படியேறி மேலே போனால் இரண்டு இயக்கங்கள் ஒருசேரத் தொடங்கும். மேலே போனவர் விரும்பிய திசையில் நடக்கலாம். கீழே அவர் விட்ட இடைவெளியைப் பின்வரிசைக்காரர் முன்வந்து நிரப்ப, அவர் விட்ட இடத்தை அவருக்குப் பின்னவர் நிரப்ப, ஆட்கள் முன்னோக்கி நகர இடைவெளி பின்னோக்கி நகரும். படியேறிய மனிதரே எலெக்ட்ரான். அவர் விட்டுச்சென்ற வெற்றிடமே இயற்பியலார் 'துளை' என வழங்குவது. கீழ்த்தளம் இணைதிறன் பட்டை, மேல்தளம் கடத்துப் பட்டை. இரண்டுக்கும் நடுவிலுள்ள படியின் உயரம்தான் பட்டை இடைவெளி. உலோகத்தில் படியே இல்லை. கடத்தாப்பொருளில் ஏற முடியாத உயரம். குறைகடத்தியில் வெப்பமோ ஒளியோ ஏற்றிவிடக்கூடிய உயரம்.

இங்கே சொல்லைப் பற்றியும் ஒரு சொல். அரபியர் இப்பொருள்களை 'அஷ்பாஹுல் முவஸ்ஸிலாத்' என்பர். கடத்திகளை ஒத்தவை என்பது பொருள். தமிழ் குறையைச் சொல்கிறது, அரபி ஒப்புமையைச் சொல்கிறது. நமக்கோ இரண்டுமே நிறைவளிக்கவில்லை. கடத்துவது கூடுதலா குறைவா என்பதன்று இவற்றின் சிறப்பு. ஏறக்கூடிய ஒரு படி இருப்பதே சிறப்பு.

அப்படியை ஏறுவதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒளியின் ஒரு துகள், ஒரே தவணையில், முழு உயரத்துக்குமான ஆற்றலைத் தந்தாக வேண்டும். குறைந்த ஆற்றலுள்ள துகள்கள் கோடிக்கணக்கில் வந்தாலும் சில்லறை சேர்த்து ஏற இயலாது. நம் சுவரில் இருந்த வெள்ளைப் பொடியாகிய டைட்டானியம் டை ஆக்சைடுக்கு ரூட்டைல், அனடேஸ் என இரு முக்கியப் படிக வடிவங்கள் உள்ளன. முன்னதில் படியின் உயரம் 3.0 எலெக்ட்ரான் வோல்ட், பின்னதில் 3.2. ஊதா நிறத்தின் ஓரமும் அதற்கு அப்பாலுள்ள புறஊதாவும் மட்டுமே அவ்வளவு தர வல்லவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறத்தாழ எதனையும் இப்பொடி உட்கொள்வதில்லை. ஆகவேதான் அது வெள்ளையாகத் தோன்றுகிறது. அதன் அழகும் ஊனமும் ஒரே காரணத்தால் வந்தவை.

இனி முன்னோடிகள். 1911-இல் ஜெர்மானியரான அலெக்சாண்டர் ஐப்னர், துத்தநாக ஆக்சைடு கலந்த பிரஷ்ய நீல வண்ணம் ஒளியில் வெளிறுவதை எழுதினார். டைட்டானியம் வெள்ளை தொழில்முறையில் விற்பனைக்கு வந்தது 1910-களின் இறுதியில், நார்வேயிலும் அமெரிக்காவிலும். 1921-இல் கார்ல் ரென்ஸ் என்பவர், கிளிசரின் போன்ற கரிமப் பொருளோடு சேர்ந்த இப்பொடி வெயிலில் கருக்கிறது எனச் சுவிட்சர்லாந்து வேதியியல் இதழொன்றில் அறிவித்தார். 1938-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த சார்லஸ் குடீவும் கிச்சனரும், இப்பொடி ஒளியை உட்கொண்டு சாயங்களை வெளிறச் செய்கிறது, ஆனால் தான் செலவழிவதில்லை என்பதை அளந்து காட்டினர். தான் மாறாது பிறவற்றை மாற்றுவதுதானே வினையூக்கி! அடுத்து வந்த உலகப் போரில், காந்தக் கண்ணிவெடிகளிலிருந்து கப்பல்களைக் காக்கும் பணியால் குடீவ் புகழ்பெற்றார். இந்த ஆய்வை நினைப்பவர் அருகினர். 1956-இல் ஜப்பானிலேயே மாஷியோ, காத்தோ என்னும் இருவர் இப்பொடியை ஒளிவினையூக்கி எனப் பெயரிட்டே ஆய்வு வெளியிட்டிருந்தனர்.

இவர்களின் ஆய்வுகளால் வண்ணப்பூச்சுத் தொழிலுக்குக் கிடைத்த பாடம், இப்பொடியின் வாயைக் கட்ட வேண்டும் என்பதே. வெயிலில் எழும் துளைகள், ஓசோனையும் விஞ்சும் ஆக்சிஜனேற்ற ஆற்றல் உடையவை. அவை நீரையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் துணைகொண்டு, பொடியைச் சுவரோடு பிணைத்திருக்கும் பிசினைத் தின்றுவிடுகின்றன. பிசின் போனதும் பொடி உதிர்கிறது. ஆகவே ஒவ்வொரு துகளின் மேலும் சிலிக்காவும் அலுமினாவும் மெல்லிய உறையாகப் பூசப்பட்டன. நல்ல வெளிச்சுவர்ப் பூச்சில் இன்றும் அப்படியே. நம் கல்லூரிச் சுவருக்கு வாங்கியது மலிவான சரக்கு.

இப்பொடியின் தாய்மணல் நமக்கு அயலானதன்று. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட் என்னும் இரும்பு–டைட்டானியத் தாது மிகுந்துள்ளது. இங்கிருந்து சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்த ஷாம்பர்க் என்னும் ஜெர்மானியர் 1909-இல் தேடியது மோனசைட்டை. வாயு விளக்குகளின் திரைக்கு அதுவே வேண்டியிருந்தது. டைட்டானியம் வெள்ளை பரவிய பின்னரே இல்மனைட்டுக்கு மதிப்பு வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகச் சந்தைக்குச் சென்ற இல்மனைட்டில் பெரும்பங்கு அன்றைய திருவிதாங்கூர்க் கரையிலிருந்து சென்றது. அம்மணலின் பிற்கால வழக்குகளும், 2013-இல் தமிழக அரசு விதித்த தடையும் தனிக் கட்டுரைக்கு உரியவை.

பொடியைப் பற்றிய அறிவு ஒருபுறம் இவ்வாறு வளர, வெயிலைக் கொண்டு வேதிவினை செய்யும் கனவு வேறொரு வழியில் வந்தது. அதனை முதன்முதல் முழு வடிவில் உரைத்தவர் ஜக்கோமோ சாமிச்சன். ஆர்மீனிய வழித்தோன்றலாகத் திரியெஸ்தே நகரில் 1857-இல் பிறந்த இவர், இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழகப் பேராசிரியர். தம் கூட்டாளி சில்பருடன், கண்ணாடிக் குடுவைகளைக் கட்டடத்தின் உச்சியில் வெயிலுக்கு வைத்து மாதக்கணக்கில் காத்திருந்து ஆய்ந்தவர். 1912 செப்டம்பரில் நியூயார்க்கில் கூடிய வேதியியல் மாநாட்டில் அவர் ஆற்றிய உரையின் சாரம் இது: நிலக்கரி என்பது பழைய வெயிலின் சேமிப்பு, சேமிப்பைத் தின்றுகொண்டே வாழ இயலாது, ஒருநாள் வறண்ட பாலை நிலங்களில் புகையற்ற தொழிற்கூடங்கள் எழும், செடிகளின் இரகசியத்தை அங்கே கண்ணாடிக் குழாய்கள் செய்யும். 1922-இல் அவர் மறைந்தார். மலிவான எண்ணெய்க் காலம் வந்தது. அவ்வுரையை அரை நூற்றாண்டு எவரும் எடுத்துப் படிக்கவில்லை எனலாம். இத்துறையின் வரலாற்றில் நம் மனம் மிகவும் ஒன்றுவது இவரிடம்தான். கருவி இல்லாதிருந்தும் தேவையைச் சரியாகக் கணித்தவர் அவர். ஒளியைப் பற்றி அவர் அறிந்திருந்தார். படியேறும் எலெக்ட்ரானை அறிய அவர் காலத்தில் வழியில்லை.

அந்த வழி, குறைகடத்தியை நீரில் இட்டுப் பார்த்தபோது திறந்தது. டிரான்சிஸ்டரைக் கண்டவர்களுள் ஒருவரான பிராட்டெய்ன், காரெட் என்பவருடன் சேர்ந்து 1955-இல் ஜெர்மேனியத்தை மின்வாயாகக் கரைசலில் வைத்து ஆய்ந்தார். ஜெர்மனியில் கெரிஷர் அத்துறையை வளர்த்தார். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கெனிச்சி ஹோண்டா (வாகனம் செய்த ஹோண்டா வேறு ஒருவர்) இவ்வகை ஆய்வில் ஈடுபட்டிருந்தார். அவரிடம் மாணவராகச் சேர்ந்த அகிரா ஃபுஜிஷிமா, துத்தநாக ஆக்சைடு முதலியவற்றை ஆய்ந்த பின் ஒரு ரூட்டைல் படிகத்தை எடுத்துக்கொண்டார். முந்தைய பொருள்களுக்கு ஒரு தீராக் குறை இருந்தது: ஒளி பட்டதும் துளைகள் நீரைத் தாக்குவதற்கு மாறாகத் தம் பொருளையே தாக்கின, மின்வாய் கரைந்தது. 1967-இன் வசந்தத்தில் ரூட்டைலின் மீது ஒளியைப் பாய்ச்சியபோது அதில் குமிழிகள் எழுந்தன. எதிரிலிருந்த பிளாட்டினத்திலும் எழுந்தன. ஆய்வு முடிந்து எடுத்துப் பார்த்தபோது படிகத்தின் மேற்பரப்பு முன்போலவே பளபளத்தது. குமிழிகளைக் காட்டிலும் இந்தப் பளபளப்பே முக்கியமான சான்று என்பது நம் கருத்து. கரையாத மின்வாயிலிருந்து வரும் ஆக்சிஜன் நீரிலிருந்தன்றி வேறெங்கிருந்து வரும்?

ஜப்பானிய மின்வேதியியலார் பலர் இதனை நம்பவில்லை. இவ்வளவு குறைந்த மின்னழுத்தத்தில் நீரிலிருந்து ஆக்சிஜன் வர இயலாது என்பது அவர்கள் வாதம். ஒளி தந்த ஆற்றலை அவர்கள் கணக்கிலெடுக்கவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின் 1972 ஜூலையில் 'நேச்சர்' இதழில் இரண்டு பக்கக் கட்டுரை வெளிவந்தது. அப்போதும் உலகம் பெரிதாகத் திரும்பிப் பார்த்துவிடவில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை மட்டுப்படுத்தின; சில மாதங்களில் எண்ணெய் விலை நான்கு மடங்கானது. 1974-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், 'அசாஹி ஷிம்புன்' நாளேடு ஃபுஜிஷிமாவின் ஆய்வை முதற்பக்கத்தில் இட்டது. மேற்கூறிய இரண்டாம் கூற்று பரவுவதற்கு இச்சூழலே காரணம் என்று எண்ணுகிறோம். எண்ணெய் வேண்டி வரிசையில் நின்ற மக்களுக்குத் தண்ணீரே எரிபொருளாகும் என்ற செய்தி எப்படி இனித்திருக்கும்!

உண்மை நிலை என்ன? விலையுயர்ந்த படிகத்துக்கு மாற்றாக, டைட்டானியத் தகட்டைச் சூடாக்கி மேற்பரப்பை ஆக்சைடாக்கி ஃபுஜிஷிமா வெயிலில் வைத்தார். ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 7 லிட்டர் ஹைட்ரஜன் கிடைத்தது. கேட்பதற்கு நிறைவாகத் தோன்றும் அளவு. ஆனால் விழுந்த வெயிலின் ஆற்றலில் அது அரை விழுக்காட்டைத் தொடவில்லை. வெயிலில் புறஊதாவின் பங்கு ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடு. மீதியை இப்பொருள் காண்பதே இல்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. ரூட்டைலில் மேலேறிய எலெக்ட்ரானின் உயரம், நீரிலிருந்து ஹைட்ரஜனை விடுவிக்கச் சற்றே போதாது. இரு மின்வாய்களும் நின்ற கரைசல்களின் அமில, கார வேறுபாடு அக்குறையை ஈடு செய்தது. ஆகவே, ஒளி மட்டுமே தனித்து நீரைப் பிளந்தது என 1972-இன் ஆய்வைச் சொல்வது மிகைக்கூற்றாகும். இதனைச் சொல்வதால் ஃபுஜிஷிமாவின் பெருமை குறையாது. புறத்துணை வேண்டாத ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் என்னும் உறவுப்பொருளை 1976-இல் அமெரிக்காவின் ரைட்டனும் பிறரும் காட்டினர். அதுவும் புறஊதாவை மட்டுமே காணும் பொருள்.

நீரைப் பிளக்க வேண்டிய குறைந்த அளவு 1.23 எலெக்ட்ரான் வோல்ட். இழப்புகளையும் சேர்த்துப் பார்த்தாலும், கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் பெரும்பகுதி இதற்குப் போதும். பின் ஏன் இத்தனை இடர்? ஆக்சைடுகளில் கீழ்த்தளத்தை அமைப்பவை ஆக்சிஜனின் எலெக்ட்ரான்கள். அத்தளம் தேவைக்கு மிஞ்சிய ஆழத்தில் கிடக்கிறது. அதனால் படி நீள்கிறது. கந்தகத்தின் எலெக்ட்ரான்கள் அமைக்கும் தளம் மேலே உள்ளது. காட்மியம் சல்பைடின் படி 2.4 எலெக்ட்ரான் வோல்ட்தான். மஞ்சள் நிறமான அது நீல ஒளியை உண்கிறது. ஆனால் துளைகள் அந்தக் கந்தகத்தையே தின்றுவிட, பொருள் கரைகிறது. ஒளியைக் காண்பவை கரைகின்றன, கரையாதவை காண்பதில்லை. இத்துறையின் ஐம்பதாண்டு உழைப்பு பெரும்பாலும் இம்முட்டுக்கட்டையோடு நடந்த போராட்டமே. இதற்கு மேலும் ஒரு இழப்பு: படியேறிய எலெக்ட்ரான்களில் பெரும்பாலானவை மேற்பரப்பை எட்டி வேலை செய்யுமுன், நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு போன்ற நேரத்துக்குள் தம் பழைய இடத்துக்கே இறங்கிவிடுகின்றன. பெற்ற ஆற்றல் வெறும் சூடாகப் போகிறது.

இடையில் ஜப்பானியர் செய்த ஒரு திருப்பம் பாராட்டத்தக்கது. 1977-இல் ஃபிராங்கும் பார்டும் இப்பொடி நீரிலுள்ள சயனைடு நஞ்சைச் சிதைப்பதைக் காட்டியிருந்தனர். ஆற்றலைத் திரட்ட வலுவற்ற பொருள், அழுக்கைத் தின்ன வலுவுள்ளது அல்லவா என்று ஃபுஜிஷிமாவும் ஹாஷிமோத்தோவும் வத்தனாபேயும் சிந்தித்தனர். எரிபொருளுக்கு வேண்டிய வெயில் பெரிது. ஓட்டில் படியும் கிருமிக்கும் விளக்குக் கண்ணாடியில் படியும் புகைக்கும் அவ்வளவு வேண்டியதில்லை. ஓடு, கண்ணாடி, மருத்துவமனைச் சுவர் எனப் பயன்கள் பெருகின. ஒளி பட்ட மேற்பரப்பில் தண்ணீர் துளியாகத் திரளாமல் படலமாகப் பரவி, அழுக்கை அடியோடு கழுவுகிறது என்பது 1997-இல் 'நேச்சர்' இதழிலேயே வெளியாயிற்று. 2001-இல் பில்கிங்டன் நிறுவனம் தானே தூய்மையாகும் சன்னல் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வண்ணப்பூச்சுக்காரர் உறையிட்டு மூடிய அதே பொடியை இவர்கள் உறையின்றித் திறந்து வைத்து விற்கலாயினர்.

எரிபொருள் கனவும் கைவிடப்படவில்லை. 2001-இல் அசாஹி என்னும் ஆய்வாளரும் குழுவினரும் ஆக்சிஜனின் இடத்தில் சிறிது நைட்ரஜனைப் புகுத்திப் பொடியை ஓரளவு கண்திறக்க வைத்தனர். கசுனாரி தோமென் என்பவரின் குழு அவ்வழியே காலியம், துத்தநாகம், நைட்ரஜன், ஆக்சிஜன் சேர்ந்த திண்கரைசலைச் செய்து, 2006-இல் கண்ணுக்குப் புலனாகும் ஒளியால் நீரைப் பிளந்தது. உண்ட ஒளித்துகள்களில் பயன்பட்டவை 2.5 விழுக்காடு. 2020-இல் அதே மரபினர் பழைய ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டுக்கே திரும்பிச் சிறிது அலுமினியம் கலந்தனர். படிகத்தின் ஒரு முகத்தில் ஹைட்ரஜனுக்கான ஊக்கியையும் வேறு முகத்தில் ஆக்சிஜனுக்கான ஊக்கியையும் பதித்து, எலெக்ட்ரானும் துளையும் வெவ்வேறு வாயில்களில் வெளியேறச் செய்தனர். பயன் 96 விழுக்காடு வரை உயர்ந்தது. எலெக்ட்ரான் வீணே கீழிறங்குவது இயற்கையின் விதியன்று, செய்நேர்த்தியின் குறையே என்பது இதனால் நிறுவப்பட்டது. ஆயின் அந்த 96, புறஊதா ஒளிக்கு மட்டும் உரியது. செய்தி சொல்வோர் பலர் இவ்வரையறையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்கின்றனர்.

அப்பொருளை 100 சதுர மீட்டர் பரப்பில் விரித்துத் திறந்தவெளியில் மாதக்கணக்கில் இயக்கிய முடிவு 2021-இல் வெளிவந்தது. வெளிவரும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்தே வருவதால் வெடிக்கும் அச்சம் உண்டு. பாலிமர்ச் சவ்வு ஒன்றால் ஹைட்ரஜனைப் பிரித்தெடுத்தனர். வேண்டுமென்றே தீ மூட்டியும் பார்த்தனர், அமைப்பு சேதமுறவில்லை. வெயிலிலிருந்து ஹைட்ரஜனாக மாறிய ஆற்றல் உச்ச அளவாக 0.76 விழுக்காடு. 2023-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு, இண்டியம் காலியம் நைட்ரைடைக் கொண்டு, வெயிலைக் குவித்துச் சூட்டையும் பயன்படுத்தி, ஆய்வகத்தில் 9.2 விழுக்காடும் திறந்தவெளியில் 6.2 விழுக்காடும் எட்டியது. சாதாரணச் சூரியத் தகட்டின் மின்சாரத்தைக் கொண்டு நீரை மின்னாற்பகுத்தால் இன்றே பத்து விழுக்காட்டுக்கு மேல் கிடைக்கிறது. ஒளிவினையூக்கத்தார் நம்புவது வேறொன்றை: கம்பியும் கருவியும் குறைந்த, பாயில் விரித்த பொடி போன்ற மலிவை. அம்மலிவு இன்னும் சந்தையில் நிறுவப்படவில்லை.

சென்ற ஆண்டு மாணவர் ஒருவர், தண்ணீரில் ஓடும் வண்டி வந்துவிட்டதாமே என்று நம்மிடம் கேட்டார். 0.76 என்னும் எண்ணைப் பலகையில் எழுதி, அதன் எதிரே 1912 என்று எழுதினோம். அவர் தோளில் மேற்குச் சுவரின் பொடி ஒட்டியிருந்தது.